முகப்பூச்சு காயும் நேரம்

பேசாதீங்க மேடம், சிரிக்கவும் சிரிக்காதீங்க, பேக் காயறப்ப வாயைத் திறந்தா முகமெல்லாம் கோடு விழுந்துடும் என்று சொல்லிவிட்டுத் தேன்மொழி என் கண்களின் மேல் பன்னீரில் நனைத்த பஞ்சை வைத்தாள். வெளிச்சம் போயிற்று. அப்பாடா. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டு கிடக்கிறது. பேசக் கூடாது என்று ஒருத்தி எனக்கு உத்தரவு போட்டு எத்தனை காலம் ஆயிற்று, அதற்கே இவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். முல்தானி மட்டி முதலில் குளிர்ந்தது, இப்போது ஓரங்களில் மெல்ல இறுகத் தொடங்கியிருக்கிறது, யாரோ என் முகத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துத் தைப்பது போல. ஜெசிந்தாதான் என்னை இப்படிப் படுக்க வைத்தது. இந்த பார்லர் அவளுடையது. பயிற்சி முடிந்து நான் பையைத் தூக்கியதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "லோசனி மேடம், காலைல பூரா எங்களுக்குப் பாடம் எடுத்தீங்கல்ல, இப்ப எங்க கை வேலையையும் பாத்துட்டுப் போங்க. மூஞ்சியைப் பாத்தா ரொம்ப நாளா தூங்காத மாதிரி இருக்கு." நாளா. வருஷங்களாகத் தூங்காதவள் மாதிரி இல்லையா? இருக்கட்டும், நாள் என்று சொன்னது அவளுடைய பெருந்தன்மை. திருச்சிக்குத் திரும்பி வந்த பிறகு நான் நன்றாகத் தூங்கியது பேருந்துகளில்தான். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், எங்கெங்கோ ஒரு மாடி, ஒரு போர்டு, சமோசா, டீ, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. பார்லர் பெண்களுக்குப் பயிற்சி: வீட்டில் அடி வாங்குகிறவளை எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது. டாக்டரிடம் காட்டாத கழுத்தை, அம்மாவிடம் காட்டாத முதுகை, ஒரு பெண் இங்கே வந்து இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள், அதனால் இவர்களுக்குத்தான் முதலில் தெரியும் என்று நான் வேலை பார்க்கும் பெண்கள் அமைப்பு கண்டுபிடித்தது. நல்ல யோசனைதான். இப்போது நானே கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், என் கழுத்தில் ஒன்றும் இல்லை, முப்பதுகளில் வந்து தங்கிவிட்ட இரண்டு கோடுகளைத் தவிர.

உங்கள் வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா. அதை நான் போர்டில் எழுதியதும் முதலில் சிரித்தது தேன்மொழிதான். "மேடம், கோச்சுக்காதீங்க, இது பேங்க்ல இருந்து வர்ற மெசேஜ் மாதிரி இருக்கு. ஓடிபி கேப்பாங்களோன்னு பயந்துருவாங்க." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உள்ளே மட்டும் ஏதோ ஒன்று களைத்துப்போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கிறேன். இங்கிலாந்தில், லெஸ்டர் நகர கவுன்சில் அலுவலகத்தின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு பக்கம் போலீஸ்காரி, ஒரு பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ வந்த ஒரு பெண், நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான். போலீஸ்காரி ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்பாள். போலீஸ்காரி என்னைப் பார்ப்பாள். ஆமாம் என்கிறாளா? நான் என்ன சொல்வது? சோறு போடவா என்றாலும் ம், செத்துப்போ என்றாலும் ம், நாங்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் வைத்திருக்கிறோம் என்றா? அவள் ஏதோ சொன்னாள், நான் இன்னொரு தடவை கேட்கிறேன் என்பேன். இன்னொரு தடவையும் ம். அந்த அறையின் ஹீட்டர் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, அல்லது அது இந்த ஏசியின் சத்தமா. தமிழ் பேசும் ஊருக்கே போய்விட்டால் நடுவில் நான் தேவைப்பட மாட்டேன் என்று நினைத்துத்தான் வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா. அங்கே விவாகரத்து, இங்கே காலி வீடு, அதனால் வந்தாள் என்பதுதான் சொந்தக்காரர்கள் சொல்வது. அதுவும் உண்மைதான், யார் மறுத்தார்கள். காலையில் அதற்கடுத்து நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் சிக்கிக்கொண்டிருக்கிறது. இப்படி யாராவது வந்தால் நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தேன்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மறைச்சு விட்டுருவோம் மேடம். புதுசா செவந்திருந்தா அடில பச்சை, பழசாகி நீலம் பாரிச்சிருந்தா ஆரஞ்சு, மேல ஃபவுண்டேஷன், அப்புறம் பவுடர். பெத்த தாய் பக்கத்துல வந்து பாத்தாலும் தெரியாது. அதுக்கு மட்டும் நாங்க காசு வாங்கறதில்ல." மற்றவர்கள் கை தட்டினார்கள். இவர்களுக்குத் தெரிந்த இரக்கம் இது. தங்கள் தொழிலின் சிறந்த பகுதியை எடுத்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், அந்த இரக்கம் போய்ச் சேருவது அடித்தவனிடம். நான் அதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எத்தனை பெண்களை மறைத்து அனுப்பியிருக்கிறாளோ, எண்ணிப் பார்க்கிறாளோ என்று தோன்றியது. சொல்லியிருக்க வேண்டாமோ. சொல்லத்தானே வந்தேன். மூக்கு நுனி அரிக்கிறது.

கதவு திறக்கிற சத்தம். நான் படுத்திருக்கும் கட்டிலுக்கும் அடுத்த நாற்காலிக்கும் நடுவில் ஒரு திரைதான், அதைத் தேன்மொழி இழுத்துவிட்டிருந்தாள். ஜெசிந்தாவின் குரல், வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் தேன் தடவிய குரல்: "தேனு, நம்ம முரளிதரன் சார் வீட்டம்மா வந்திருக்காங்க. கொழுந்தனார் ரிசப்ஷன், மேக்கப் மட்டும். சார் வெளிய கார்ல இருக்காரு, சீக்கிரம் முடிச்சு விடு." வளையல் சத்தம், நாற்காலியின் கீச். பட்டுப் புடவைக்கென்று ஒரு சத்தம் உண்டு, காகிதம் கசங்குவது போல. உட்காரும்மா, தலையை இப்படிச் சாய்ச்சுக்கோ. ஒவ்வொன்றாகத் தலைக் கிளிப்புகளைக் கழற்றுகிறாள். தேன்மொழி கை ஓடினால் வாயும் ஓடும், என் முகத்தில் மட்டியைப் பூசும்போது அவள் பெரியவனின் பாலிடெக்னிக் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. ரிசப்ஷன் எங்க, கலைஞர் அறிவாலயத்துக்கிட்டயா, பொண்ணு எந்த ஊரு, என்ன கலர் பிளவுஸ்... நின்றுவிட்டது. பேச்சு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டது. முடியை ஒதுக்கியிருப்பாள். காதுக்குப் பின்னாலோ, தாடைக்குக் கீழேயோ. எனக்குப் பார்க்க வேண்டியதே இல்லை, லெஸ்டரில் இந்த நிசப்தத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கேள், தேன்மொழி. இல்லை, கேட்காதே, முதலில் திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல். தனியாக இருக்கும்போது மட்டும் கேட்க வேண்டும் என்று காலையில் சொன்னேனா இல்லையா. சொன்னேன். புதுக்கோட்டைக்குப் பிறகு அதைச் சொல்லாமல் நான் எங்கும் முடிப்பதில்லை. புதுக்கோட்டையில் பயிற்சி முடித்த ஒரு பெண், ஆர்வத்தில், டிரையர் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் போட்டு, வீட்டுல அடிக்கிறாங்களா அக்கா என்று கேட்டுவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாமியார். அந்த அக்கா அப்புறம் அந்த பார்லருக்கு வரவே இல்லை. எங்கே போனாள், என்ன ஆனாள், யாருக்கும் தெரியவில்லை. இரவு பேருந்தில் கண் அசரும்போதெல்லாம் அந்த டிரையர் ஓடும்.

"இது என்னம்மா?" என்றாள் தேன்மொழி. ஆக, கேட்டுவிட்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன் அக்கா." சிறிய குரல், முப்பது வயதுகூட இருக்காது. சரி என்று சொல் தேன்மொழி, சரிம்மா என்று சொல்லி நிறுத்திக்கொள், பொய்யை அவள் கையிலேயே விட்டுவிடு, அது அவளுக்கு வேண்டும். தேன்மொழி நிறுத்தவில்லை. "கதவு கழுத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் இடிக்குமா?" போச்சு. மூலையில் தள்ளிவிட்டாள். இப்போது அந்தப் பெண் எழுந்து போவாள், போய் காரில் உட்காருவாள், ஏன் மேக்கப் போடவில்லை என்று அவன் கேட்பான். எழுந்து உட்கார்ந்து ஏதாவது சொல்ல வேண்டும். எப்படி? மண் பூசிய முகத்தோடு திரையை விலக்கிக்கொண்டு, வணக்கம், நான் இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள், இவள் கேட்ட விதம் தவறு என்றா? நாற்காலி கீச்சிட்டது. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "சீக்கிரம் போட்டு விடுங்க அக்கா, ஹாரன் அடிப்பாரு." சொல்லி வைத்தது போல வெளியே ஹாரன், சின்னதாக இரண்டு. கோபமான ஹாரனே இல்லை, ஒரு நண்பன் கூப்பிடுவது போல இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. பாட்டில் மூடியைத் திருகும் சத்தம். பச்சையா, ஆரஞ்சா. மறைக்கப் போகிறாள். காலையில் நான் பேசியதெல்லாம் ஏசிக் காற்றில் போயிற்று, அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, மறைக்காமல் அனுப்பினால் அதற்கும் அடி விழும். எனக்கு விடை தெரியாத கேள்வி இது. என்னிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண்ணும் சில வாக்கியங்களும்தான். மூடி மறுபடி மூடப்படும் சத்தம். தேன்மொழி சொன்னாள், குரல் மாறியிருந்தது, அவள் குரல்தானா என்று சந்தேகம் வந்தது: "நான் தப்பா கேட்டுட்டேன் போல. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எனக்குத்தான் மனசு கேக்கல, கை ஓட மாட்டேங்குது."

அந்தக் கணத்தில்தான் எனக்கு இருமல் வந்தது. இருமல் என்றால் வெளியே வந்துவிடவில்லை, தொண்டையின் அடியில் ஒரு புழுப்போல நெளிய ஆரம்பித்தது. மட்டியின் தூசி உள்ளே போயிருக்கும். "பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள், கிசுகிசுப்பாக. "பேக் போட்டுப் படுத்திருக்காங்க. தூங்கறாங்க." பொய்க்காரி. ஆனால் இப்போது இருமினால் எல்லாம் கெட்டது. நான் தூங்கினேன். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டு, எச்சிலை விழுங்கி விழுங்கி, பஞ்சுக்கடியில் கண்ணில் நீர் கட்டித் தூங்கினேன். இருபது ஆண்டு வேலையில் நான் செய்ததிலேயே கடினமான வேலை இதுவாகத்தான் இருக்கும், ஓர் இருமலை அடக்குவது. என்னென்னவோ நினைத்துப் பார்த்தேன். ஐஸ்கட்டி, தேன், லெஸ்டரின் முதல் பனி, சித்தப்பா வீட்டுக் கிணற்று நீர். புழு நெளிந்தது. பிறகு அந்தச் சிறிய குரல், யாரிடமோ கணக்கு ஒப்புவிப்பது போல, சீராக: "நேத்து இல்ல அக்கா, முந்தாநாள். கொழுந்தனார் கல்யாணத்துக்கு எங்கம்மா வீட்டுல இருந்து சரியா செய்யலன்னு. கையால இல்ல, துண்டால. மூச்சு நின்னு போச்சு. பாப்பா பாத்துட்டா." துண்டு. மூச்சு. பயிற்சிக் குறிப்பேட்டில் அதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். கழுத்தை நெரித்தவன் அடுத்த தடவை நிறுத்தாமல் போகலாம், இதைக் கேட்டால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் அந்தப் பக்கம் வந்தபோது டீ வந்துவிட்டது. வேகமாகத் தள்ளிவிட்டேன். தேன்மொழிக்கு அது காதில் விழுந்ததா? விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கேட்டாள், "நீ அங்க திரும்பிப் போகணுமா?" "பாப்பா கார்ல இருக்கா அக்கா. அவர் மடில உக்கார வச்சுக்கிட்டுத்தான் என்னை உள்ள அனுப்புனாரு. நான் எங்க போவேன்?" மடியில். எல்லாம் விளங்கிவிட்டது. அவளைக் கட்டிப் போடக் கயிறு தேவையில்லை, ஹாரனில் கை வைத்து விளையாடும் ஒரு குழந்தை போதும். சற்று முன் கேட்ட ஹாரன்கூட அந்தக் குழந்தை அடித்ததாக இருக்கலாம்.

இருமல் இறங்கிவிட்டது, எப்போது என்று தெரியவில்லை. தேன்மொழி அறைக் கதவைத் திறந்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். இருவரும் கதவருகிலேயே நின்று பேசினார்கள், தாழ்ந்த குரல்தான், ஆனால் கண் கட்டியவளுக்குக் காது பெரிதாகிவிடுகிறது. ஜெசிந்தா: "வேணாம்டி. அவர் யாரு தெரியும்ல, இந்தத் தெருவுல பாதி வீடு அவர் கட்டுனது. நாளைக்கு இந்தக் கடைக்கு எந்த ஆம்பள பொண்டாட்டிய அனுப்புவான்? நாம என்ன போலீஸா? மேக்கப்ல மூடி அனுப்பு." தேன்மொழி: "அக்கா, கழுத்துல துண்டு போட்டிருக்கான்." எனக்கு ஜெசிந்தா மேல் கோபம் வரவில்லை. கடன் வாங்கிப் போட்ட கடை, வாடகை, நான்கு பெண்களின் சம்பளம். பயம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை அல்ல. இதோடு முடிந்துவிடும் என்றே நினைத்தேன், உண்மையைச் சொன்னால் அப்படி முடிந்தாலும் பரவாயில்லை என்று ஒரு மூலை நினைத்தது, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். அந்த மூலையை நான் நெடுநாளாக அறிவேன், என்னோடுதான் லெஸ்டரிலிருந்து விமானத்தில் வந்தது. அப்போது ஜெசிந்தாவின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று. கண்ணாடிக் கதவு. பிறகு அந்தத் தேன் தடவிய குரல், தெருவே கேட்கிற மாதிரி: "சார், நமஸ்காரம்! என்ன சார் பாப்பாவை இப்படியே கூட்டிட்டுப் போறீங்க, ரிசப்ஷன்ல எல்லாரும் போட்டோ எடுப்பாங்கல்ல? குடுங்க, ரெட்டை ஜடை போட்டுப் பூ வச்சு அனுப்பறேன். சார்ஜ் இல்ல சார், நம்ம வீட்டுக் கொழந்த." ஆண் குரல் ஏதோ சொன்னது, சிரித்தபடி. "அச்சோ, உள்ள லேடீஸ் மட்டும்தான் சார், போர்டு போட்டிருக்கோம்ல. எதிர்ல ஃபில்டர் காபி நல்லாருக்கும், ஒண்ணு சாப்பிடுங்க. அரை மணி நேரம்." ஊரில் இருக்கிற எல்லாக் கதவுகளும் அவனுக்குத் திறக்கும், காவல் நிலையம், கல்யாண மண்டபம், அந்தப் பெண்ணின் அம்மா வீடு. இந்த ஒரு கண்ணாடிக் கதவின் முன்னால் மட்டும் எந்த ஆணும் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான். நான் அதைப் பயிற்சியில் எங்கும் எழுதவில்லை. யாருமே எழுதவில்லை. ஜெசிந்தாவும் எழுதி வைத்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை, கதவைத் தாண்டி உள்ளே வந்தவுடன் அவள் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "என் நெஞ்சு அடிச்சுக்குதுடி. தேவமாதாவே."

சின்னக் கால்கள். கொலுசு. அம்மா, என்ற கத்தலும் பட்டுப்புடவை கசங்கும் சத்தமும் ஒன்றாக வந்தன. இப்போது இரண்டு பேரும் உள்ளே, அவன் வெளியே. அரை மணி நேரம், காபியைச் சூடாகக் குடிக்கிறவனாக இருந்தால் அதுவும் இல்லை. எல்லோரும் அவரவர் பங்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டார்கள், மிச்சமிருக்கிற பங்கு என்னுடையது. "மேடம்," என்றாள் தேன்மொழி. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். "லோசனி மேடம். எழுந்திருங்க." பஞ்சை எடுத்தேன். டியூப்லைட் கண்ணைக் குத்தியது. திரையை விலக்கியதும் முதலில் குழந்தை என்னைப் பார்த்தது, நான்கு வயது இருக்கும், வாயைப் பிளந்தது, அழப்போகிறது என்று நினைத்தேன், "சேத்து ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் பின்னால் அந்தப் பெண். நான் குரலிலிருந்து வரைந்து வைத்திருந்த முகம் இது இல்லை. இன்னும் உறுதியான தாடை, கூர்ந்து பார்க்கிற கண், கழுத்தைச் சுற்றிப் பழுப்பும் நீலமுமாக ஒரு கயிறு அகலத்துக்குத் தடம். தூங்கறாங்கன்னு சொன்னீங்களே என்று தேன்மொழியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கம்மா," என்றேன், பேசும்போது கன்னத்திலிருந்து மட்டி பெயர்ந்து மடியில் உதிர்ந்தது. "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உனக்கு இஷ்டம் இருந்தா ஒரு நம்பருக்குப் போன் பண்ணலாம். வண்டி வரும், பாப்பாவோட தங்கறதுக்கு இடம் இருக்கு, பின்பக்கம் ஒரு வழியும் இருக்கு, ஜெசிந்தா காட்டுவாங்க. இஷ்டம் இல்லன்னா தேன்மொழி மேக்கப் போட்டு விடுவாங்க, நீ ரிசப்ஷனுக்குப் போலாம், யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டோம்." மூன்றாவதாக ஒன்று இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாதவள் போல, குழந்தையின் முடியை நிஜமாகவே பின்னத் தொடங்கினாள். "போடுங்க," என்றாள் அந்தப் பெண். எதைப் போட வேண்டும், மேக்கப்பையா, போனையா என்று நான் கேட்க வேண்டியிருந்தது. அவள் என் போனை நோக்கிக் கையை நீட்டினாள். நான் பெண்கள் உதவி எண்ணான நூற்று எண்பத்தொன்றை அழுத்தினேன், ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்தது. எனக்கு வாக்கியங்கள் தானாக வரிசையில் வந்து நின்றுவிட்டன, என் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார், வயது ஏறத்தாழ இத்தனை, காயம் இந்த இடத்தில், அவர் சொல்வது என்னவென்றால். எடுத்தார்கள். இளம்பெண்ணின் குரல், பின்னால் வேறு குரல்கள், யாரோ விசைப்பலகையைத் தட்டுகிறார்கள். "வணக்கம், சொல்லுங்க. யாருக்காகப் பேசறீங்க? உங்களுக்கா, வேற யாருக்காவதா?" நான் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள், பிடுங்கவில்லை, தட்டிலிருந்து குங்குமம் எடுப்பது போல அவ்வளவு சாதாரணமாக வாங்கி, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவின் கை பாதி ஜடையில் நின்றது.

"எனக்குத்தான்," என்றாள்.